கனடா குளிரில் பெரிய கராஜ்

வின்னிபெக் நகரில் ஜனவரி இரவுகளில் குளிர் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்குவது சகஜம். அங்கே கராஜுக்கு ஹீட்டர் வாங்குமுன் கதவைத்தான் பார்க்க வேண்டும். அடியிலுள்ள ரப்பர் பட்டை வெடித்திருந்தால் எந்த ஹீட்டரும் ஈடுகொடுக்காது. சிறிய இடத்துக்கு 240 வோல்ட், 5,000 வாட் மின் ஹீட்டர் போதும். மூன்று கார் நிற்கும் கராஜுக்குப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவே கட்டுப்படியாகும். விசிறி ஹீட்டர் காற்றைச் சூடாக்கும். கதவைத் திறந்ததும் அந்தச் சூடு போய்விடும். அகச்சிவப்புக் குழாய் ஹீட்டர் தரையையும் கருவிகளையும் நேரடியாகச் சூடாக்குவதால் வெப்பம் தங்கும். பட்டறை வேலைக்கு அதுவே மேல். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும்; ஆகவே தீ பற்றவைக்கும் பாகம் குறைந்தது 45 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். புகைபோக்கி இல்லாத புரொப்பேன் ஹீட்டரை மூடிய கராஜில் எரிக்கவே கூடாது. அதிலிருந்து வரக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தால், வீட்டுக்குள் அதற்கான அலாரத்தைக் கட்டாயம் மாட்டுங்கள்.