ஓட்டத்தைச் சுருக்கும் வயது

1994 பிப்ரவரி 8. ஆமதாபாத் மொட்டேரா மைதானம். இலங்கையின் ஹஷன் திலகரத்னே தடுத்தாடிய பந்து, மட்டைக்கு முன்னால் நெருங்கி நின்றிருந்த சஞ்சய் மஞ்ச்ரேக்கரின் கையில் போய் உட்கார்ந்தது. கபில் தேவுக்கு அது 432-வது டெஸ்ட் விக்கெட். நியூசிலாந்தின் ரிச்சர்ட் ஹாட்லி வைத்திருந்த உலக சாதனை அந்த நொடியில் இந்தியா வசமானது. 432 பலூன்கள் வானில் ஏறின. நாடு முழுக்கத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் வீட்டுப் பையன் பரீட்சையில் முதலாவதாக வந்ததுபோல் மகிழ்ந்தார்கள்.

அந்தச் சந்தோஷத்தின் நடுவே பலரும் நினைத்தும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய விஷயம் ஒன்று இருந்தது. 35 வயதுக் கபிலின் பந்தில் பழைய வேகம் இல்லை. சாதனை நெருங்க நெருங்க விக்கெட்டுகள் அபூர்வமாகிக்கொண்டே வந்தன. சொந்த ஆடுகளங்களில் மூன்று சுழல்பந்து வீச்சாளர்களோடு இறங்குவது அன்றைய இந்தியாவின் வழக்கம். மிச்சமிருந்த இரண்டு இடங்கள் கபிலுக்கும் மனோஜ் பிரபாகருக்கும் போயின. ஜவகல் ஸ்ரீநாத் வெளியே நின்றார்.

ஸ்ரீநாத் மைசூர்க்காரர். பொறியியல் படித்தவர். 1991 நவம்பரில், 22 வயதில், பிரிஸ்பேனில் தன் முதல் டெஸ்டை ஆடினார். அன்றைய இந்தியாவில் அவரைவிட வேகமாகப் பந்து வீசக்கூடிய ஆள் இல்லை. ஆனால் இந்திய மண்ணில் அவருக்கு முதல் டெஸ்ட் கிடைத்தது 1994 நவம்பரில், மும்பையில். கபில் ஓய்வை அறிவித்த அதே மாதம். ஒரு வேகப் பந்துவீச்சாளரின் வாழ்வில் 22 முதல் 25 வரையிலான மூன்று ஆண்டுகள் எத்தகையவை என்பது பந்து வீசியவர்களுக்குத்தான் தெரியும். அவை திரும்பி வருவதில்லை.

இதில் கபிலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம், நியாயமாக இருக்காது. 1978-ல் பைசலாபாத்தில் தொடங்கி 16 ஆண்டுகள், பெரும்பாலும் உயிரற்ற ஆடுகளங்களில், மறுமுனையில் சரியான துணைகூட இல்லாமல் அவர் பந்து வீசினார். 1981-ல் மெல்போர்னில் தொடைக் காயத்துக்கு வலி மருந்து போட்டுக்கொண்டு வந்து 28 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்து, ஆஸ்திரேலியாவை 83 ரன்னில் சுருட்டினார். 1984-ல் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. இருந்தும் 131 டெஸ்டுகள். இடையில் அவர் ஆடாத ஒரே டெஸ்ட் 1984 கடைசியில் கல்கத்தாவில் தொடங்கியது. அதுவும் காயத்தால் அல்ல. முந்தைய டெஸ்டில் ஆடிய பொறுப்பற்ற ஷாட்டுக்காகத் தேர்வாளர்கள் கொடுத்த தண்டனை. 1991-92 ஆஸ்திரேலியத் தொடரில், 33 வயதை எட்டிக்கொண்டிருந்தபோது, 25 விக்கெட்டுகள் எடுத்தார். அப்படிப்பட்டவரிடம் போய் இடத்தைக் காலி செய்யுங்கள் என்று யார் சொல்வது? பெர்த்தில் 400-வது விக்கெட்டை எடுத்தவருக்கும் ஆமதாபாத்தில் பலூன் பார்த்தவருக்கும் இடையே இருந்தது இரண்டே ஆண்டுகள். வேகம் படிப்படியாகக் குறையும் என்று நாம் நினைக்கிறோம். பல நேரங்களில் அது மாடிப்படியில் கால் தவறியதுபோல்தான் போகிறது.

பார்ப்பவர்கள் பந்துவீச்சாளரின் கையைப் பார்க்கிறார்கள். வேகம் பிறப்பது காலில். ஓடிவந்த வேகத்தை முன்காலைத் தரையில் ஊன்றிச் சட்டென்று நிறுத்துகிறார். கீழே நின்றுபோன அந்த வேகம் இடுப்பு, முதுகு, தோள் வழியாக மேலேறி விரல் நுனியில் பந்துக்குப் போகிறது. அந்த ஓர் ஊன்றலில் முன்கால் தாங்குவது உடல் எடையைப்போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட விசையை. முழங்கால் விறைப்பாக நின்றால் பந்து பறக்கும். கொஞ்சம் மடங்கினாலும் ஓடிவந்த பலத்தில் ஒரு பங்கு தரையோடு போய்விடும். வயது முதலில் கை வைப்பது தோளில் அல்ல, பெரும்பாலும் இந்த முழங்காலில்தான். அடுத்து, காலை நேரத்தில். 22 வயதில் இரவு தூங்கி எழுந்தால் போய்விடுகிற வலி, 32-ல் மூன்று நாள் விருந்தாளியாகத் தங்குகிறது. டெஸ்ட் போட்டியோ மறுநாள் காலையே மறுபடி பந்தை எடு என்கிறது.

இதற்கு வழி கண்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரை இந்தியா சென்னைக்கே வரவழைத்து வைத்திருந்தது. ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லிக்கு 1973-ல் முதுகெலும்பில் முறிவு. ஆட்ட வாழ்வு முடிந்ததென்று பலரும் நினைத்தார்கள். உடலைத் தசை தசையாகத் திரும்பக் கட்டி, அடுத்த கோடை முடிந்து அதற்கடுத்த கோடையில் இங்கிலாந்துக்கு எதிராக வந்து நின்றார். வேகம் குறைந்தபோது லெக் கட்டரை ஆயுதமாக்கினார். 355 விக்கெட்டுகளோடு 1984-ல் விலகிய அவர், 1987-ல் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனில் ஆசிரியரானார். (அந்தப் பள்ளி இந்தியாவுக்குச் செய்த பேருதவி, வேகப் பந்து வீச ஆசைப்பட்டு வந்த மும்பைச் சிறுவன் சச்சினைப் போய் பேட்டிங் பழகு என்று அனுப்பியதுதான் என்று கிண்டலாகச் சொல்வார்கள்.) ஹாட்லி இன்னொரு வழி காட்டினார். நீண்ட ஓட்டத்தை வெட்டிச் சுருக்கினார். சுருங்கியது தூரம்தான், கோட்டருகே வந்து சேரும்போது தேவையான வேகம் இருந்தது. மிச்சப்பட்ட மூச்சைத் துல்லியத்தில் செலவிட்டார். 1990-ல் 39 வயதில், டெஸ்ட் வாழ்வின் கடைசிப் பந்திலும் விக்கெட் எடுத்துவிட்டுத்தான் போனார்.

ஸ்ரீநாத்துக்கு உடம்பின் கணக்கு சீக்கிரமே வந்தது. 1996 நவம்பரில், அதே ஆமதாபாத்தில், தென்னாப்பிரிக்காவை 105 ரன்னில் உருட்டினார். 21 ரன்னுக்கு 6 விக்கெட். அடுத்த சில மாதங்களில் தோள்மூட்டுத் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சை. பந்துவீசும் தோளில் கத்தி பட்டவர் அதே வேகத்தோடு திரும்புவது சாதாரணமல்ல. அவர் திரும்பினார். 1999-ல் கொல்கத்தா ஈடன் கார்டனில் பாகிஸ்தானுக்கு எதிராக 13 விக்கெட் எடுத்தும் இந்தியா தோற்றது. அவருடைய வாழ்க்கையே இப்படித்தான்: உழைப்பு அவருடையது, வெற்றி இன்னொருவருடையது.

உள்ளே திரும்பும் பந்துதான் அவருக்கு இயல்பு. வயது ஏற ஏறக் கட்டர்களும் மெதுவான பந்துகளும் சேர்ந்தன. 2002-ல் டெஸ்டிலிருந்து ஓய்வு என்றார். சௌரவ் கங்குலி விடவில்லை. பேசிப் பேசித் திரும்ப அழைத்து வந்தார். 2003 உலகக் கோப்பைக்குத் தென்னாப்பிரிக்கா போனபோது ஸ்ரீநாத்துக்கு வயது 33. உடன் இருந்த ஜாகீர் கானுக்கு 24, ஆசிஷ் நெஹ்ராவுக்கு 23. ஒருகாலத்தில் மூத்தவர் விலகக் காத்திருந்தவர் இப்போது தானே மூத்தவர்.

அந்த மூவர் சேர்ந்து வீசியதைப்போல் அதற்கு முன் இந்திய வேகம் வீசியதில்லை என்றே சொல்லலாம். ஜோஹன்னஸ்பர்க்கில் இலங்கையை 109 ரன்னில் முடக்கியபோது ஸ்ரீநாத்துக்கு 4 விக்கெட், நெஹ்ராவுக்கு 4 விக்கெட். அதே மைதானத்தில் 13 நாள் கழித்து இறுதி ஆட்டம். ஆஸ்திரேலியா 2 விக்கெட்டுக்கு 359. ஸ்ரீநாத் 10 ஓவரில் 87 ரன் கொடுத்தார், விக்கெட் இல்லை. முப்பது தாண்டிய உடம்பு கைவிட்டது என்று எழுதிவிடலாம்தான். ஆனால் 24 வயது ஜாகீர் 7 ஓவரில் 67 கொடுத்தாரே? அன்றைக்கு வயது ஒரு காரணமே அல்ல. என்றாலும் இளையவர்களுக்கு அடுத்த ஆட்டம் இருந்தது. ஸ்ரீநாத்துக்கு அதுவே கடைசி.

பாடத்தை முழுசாகப் படித்தவர் ஜாகீர். காயங்கள், அணியிலிருந்து நீக்கம் எல்லாம் ஆன பிறகு 2006-ல் இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் கவுண்டிக்குப் போனார். நாள் தவறாமல் பந்துவீச்சு. ஓட்டத்தைச் சுருக்கினார், உடம்புக்கு மிச்சம் வைத்தார். முழு வேகத்தை எல்லாப் பந்துக்கும் கொடுக்காமல், கஞ்சன் காசை எண்ணிச் செலவழிப்பதுபோல் செலவழித்தார். பழைய பந்தைக் கையில் மறைத்தபடி ஓடிவருவதும், விரல் மடக்கி வீசும் நக்கிள் பாலும் வேகத்தின் இடத்தை நிரப்பின. 2011 உலகக் கோப்பையில் 21 விக்கெட். அதே ஆண்டு லார்ட்ஸில், டெஸ்டின் முதல் நாளே தொடைத் தசை பிடித்துக்கொண்டு 14-வது ஓவரின் நடுவில் வெளியேறினார். எண்ணிச் செலவழித்தாலும் பை ஒருநாள் காலியாகும்.

அவர் அத்தோடு விடவில்லை. 2013-ல் பிரான்சின் பிரீவ் நகருக்குப் போய் யுவராஜ் சிங்கோடு வாரக்கணக்கில் உடற்பயிற்சி செய்தார். 2014 பிப்ரவரியில் வெலிங்டனில் பிரெண்டன் மெக்கலம் 302 ரன் குவித்த இன்னிங்ஸில் 51 ஓவர் வீசி 170 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். கபில் பலூன் பார்த்த அதே 35 வயது. அதுதான் அவருடைய கடைசி டெஸ்ட். 51 ஓவர்! அந்த உழைப்பைப் பாராட்டுவதா, அவரை அப்படி வீச வைத்த நிலைமையை நினைத்துக் கோபப்படுவதா என்று தெரியவில்லை.

நெஹ்ரா நேர்மாறு. டெஸ்ட் ஆட்டத்தை 2004-க்குப் பிறகு தொடவே இல்லை. கணுக்காலிலும் முழங்காலிலும் முதுகிலும் எத்தனையோ பழுது. ஆனால் 20 ஓவர் ஆட்டம் வந்தது. ஒருவருக்கு நான்கே ஓவர், 24 பந்து. அந்த 24-க்கு மட்டும் உடம்பைத் தயார் செய்தால் போதும். 2016 ஜனவரியில், 36 வயதில், மறுபடி இந்தியச் சட்டை போட்டார். ஹாட்லியைப்போல் ஓட்டத்தை வெட்டவில்லை. நீளமாக ஓடிவந்து, அப்போதும் இளைஞர்களுக்குச் சளைக்காத வேகத்தில் வீசினார். காலம் தந்த வசதி இது. கபிலுக்கும் ஸ்ரீநாத்துக்கும் கிடைக்காதது.

2017 நவம்பர் 1 அன்று, 38 வயதில், தன் ஊரான டெல்லியின் ஃபெரோஸ் ஷா கோட்லாவில் கடைசி ஓவரை அவரே வீசினார். இந்தியா நியூசிலாந்தை 53 ரன் வித்தியாசத்தில் வென்றது. தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். மூன்று நாள் கழித்து ராஜ்கோட்டில் அடுத்த ஆட்டம். ஹைதராபாத்திலிருந்து வந்த முகமது சிராஜ் என்ற 23 வயது இளைஞர் முதல் முறையாக இந்தியாவுக்கு ஆடினார். கபிலின் பலூன்கள் பறந்த மறுமாதம் பிறந்தவர். நான்கு ஓவரில் 53 ரன் கொடுத்தார்.