சிராங்கூன் சாலையில் மாவடு

சிங்கப்பூர் கிளம்பும் நாளில், அம்மா பெட்டிக்குள் வைத்த மாவடு பாட்டிலை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். “கொட்டுச்சுன்னா துணியெல்லாம் நாறும்மா!” அம்மா எதுவும் பேசவில்லை. மாசியில் பொறுக்கி வாங்கி, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு போட்டு, சுருங்கும்வரை தினமும் குலுக்கிவிட்டு அவர் ஊறவைத்த மாவடு அது.

மூன்று மாதம் கழித்து, சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையில் மாவடு கண்ணில் பட்டது. விலையைக்கூடப் பார்க்காமல் வாங்கினேன். அன்றிரவு தயிர்சாதத்தோடு கடித்தால், உப்பும் காரமும் சரியாகவே இருந்தன. அந்த விளக்கெண்ணெய் வாசம்தான் இல்லை. வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன்.

“காம்போட இருக்கா?”

“இல்லம்மா.”

“அப்ப சீக்கிரம் சாப்பிட்டு முடிச்சிடு. ரொம்ப நாள் தாங்காது.”

கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: “உன் பாட்டில இன்னும் திறக்கல.”