நாற்பதில் வெட்டும் வண்டி

மூன்றாவது கியரில் நாற்பதைத் தொட்டால் என் கார் ஒரு வெட்டு வெட்டும். யாரோ பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவிட்டு, அடுத்த நொடியே கையை எடுத்துக்கொண்டதுபோல. எண்பதில் போனால் ஒன்றும் இல்லை. இருபதிலும் ஒன்றும் இல்லை. நாற்பதில் மட்டும். 2007 மாடல் பெட்ரோல் வண்டி, பதினேழு வருடமாக நான் ஒருவனே ஓட்டுவது. வீட்டருகே இருந்த ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். பிளக் மாற்றினார்கள், ஃபில்டர் மாற்றினார்கள், இன்ஜெக்டரைக் கழுவினார்கள். ஏழாயிரத்துச் சொச்சம் பில். வெட்டு அப்படியே இருந்தது. அடுத்தது பெட்ரோல் பம்பாக இருக்கலாம், மாற்றிப் பார்ப்போமா என்று கேட்டபோது சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்புறம் ஒரு தகர ஷெட்டைக் காட்டினார் நண்பர். போர்டு கிடையாது. நாலு வண்டி நிற்கலாம், ஆறு நின்றன. நடத்துபவர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். வயது அறுபதை ஒட்டி இருக்கும். கூட ஒரு பையன், அவ்வளவுதான் ஆள்பலம். அவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "பேரு போடாதீங்க சார். வண்டி குவிஞ்சிடும். ரெண்டு பேரால பாக்க முடியாது" என்றார். அதனால் இதில் அவர் 'அவர்'தான்.

வண்டியைத் தொடுவதற்கு முன் கேள்வி கேட்டார். ஏசி போட்டால் அதிகமாகிறதா? காலையில் வருமா, சூடான பிறகா? மேடு ஏறும்போதா, சமதரையிலா? கடைசியாக, "தினம் எந்த ரூட்ல போவீங்க?" அம்பத்தூரிலிருந்து அண்ணா சாலை என்றேன். சிரித்துக்கொண்டே ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். பாடி மேம்பாலம் வரை ஓட்டிவிட்டுத் திரும்பினோம். போகும்போது இரண்டு தரம் வெட்டியது. இரண்டு தரமும் அவர் ஸ்பீடோமீட்டரைப் பார்க்கவில்லை, தன் வலது காலைப் பார்த்தார்.

"உங்க காலு பதினேழு வருஷமா ஒரே எடத்துல நின்னிருக்கு சார்."

அவர் சொன்னது இதுதான். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கேபிள் இழுத்து, த்ராட்டில் பாடிக்குள் இருக்கிற வட்டத் தகடு திறக்கும். காற்று உள்ளே போகும். தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல அதே அச்சின் மறுமுனையில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சென்சார். உள்ளே இருப்பது பெரிய அதிசயமில்லை, பழைய ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருக்குமே, அதே சங்கதி. ஒரு கரித் தடம், அதன்மேல் தேய்த்துக்கொண்டே நகரும் ஒரு மெல்லிய உலோக விரல். ஒரு பக்கம் 5 வோல்ட், மறு பக்கம் எர்த், நடுவில் சிக்னல். தகடு மூடியிருந்தால் சிக்னலில் அரை வோல்ட் சுமார், முழுக்கத் திறந்தால் நாலரையை ஒட்டி.

"கார்புரேட்டர்ல ஒரு ஆக்ஸிலரேட்டர் பம்ப் இருக்கும். சட்டுனு மிதிச்சா ஒரு சொட்டு பெட்ரோல் கூடப் பீச்சும். அந்த வேலைய இப்ப இது பாக்குது. பீச்சாது, சொல்லும்."

சொல்வது ஒரு நொடி நின்றால் என்ன ஆகும்? வண்டி நாற்பதில் போகிறது, இன்ஜின் இரண்டாயிரம் சுற்றில் ஓடுகிறது, திடீரென்று சிக்னல் கீழே விழுகிறது. டிரைவர் காலை எடுத்துவிட்டான் என்று கம்ப்யூட்டர் நினைத்து, மிச்சம் பிடிக்கும் நல்ல எண்ணத்தில் பெட்ரோலை நிறுத்துகிறது. அடுத்த கணம் சிக்னல் திரும்பி வருகிறது, பெட்ரோலும் வருகிறது. நடுவில் நம் காலர் இழுபடுகிறது. நெரிசலில் நாற்பதிலேயே ஊர்ந்து ஊர்ந்து, அந்த உலோக விரல் கரித் தடத்தில் ஒரே இடத்தைத் தேய்த்திருக்கிறது. எண்பதில் போகும்போது விரல் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. வெட்டு இல்லை.

இதெல்லாம் அவருடைய சந்தேகம்தான். சந்தேகத்துக்கு சாமான் மாற்றுவது அவர் பழக்கமில்லை.

ஸ்கேனரை மாட்டினார். பிழை எதுவும் இல்லை என்றது. சர்வீஸ் சென்டரில் சென்சாரைச் சந்தேகிக்காததற்கு இதுதான் காரணம். சிக்னல் எல்லையைத் தாண்டி விழ வேண்டும், விழுந்து கொஞ்ச நேரம் அங்கேயே கிடக்க வேண்டும், அப்போதுதான் கம்ப்யூட்டர் அதைப் பிழை என்று எழுதிவைக்கும். கண் சிமிட்டும் நேரத்தில் விழுந்து எழுந்தால் எழுதாது.

பிறகு ஒரு டப்பாவைத் திறந்தார். உள்ளே தையல் ஊசிகள், புடவைக்குக் குத்தும் ஊக்குகளை நிமிர்த்திய கம்பிகள். சென்சாரின் கப்ளரைக் கழற்றவில்லை. பின்பக்கம், ஒயர் நுழைகிற ரப்பரை ஒட்டி ஊசியை மெதுவாக உள்ளே தள்ளினார். ஒயரின் தோலில் குத்திப் பார்ப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "அந்த ஓட்டை வழியா தண்ணி போகும். ரெண்டு மழைக்கு அப்புறம் ஒயர் செத்துடும். இவன் பார்த்த வைத்தியமே அடுத்த நோய்."

சாவி ஆன், இன்ஜின் ஆஃப். முதலில் 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்தார். 4.98. அடுத்து எர்த். பேட்டரியின் நெகட்டிவுக்கும் சென்சாரின் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்தார், 0.02. இரண்டும் சரி. அதற்கப்புறம்தான் சிக்னலுக்கே வந்தார். பையன் ஆக்ஸிலரேட்டரை எறும்பு ஊர்கிற வேகத்தில் மிதிக்க, டிஜிட்டல் மீட்டரில் 0.52, 0.70, 0.95, 1.30 என்று எண்கள் ஏறின. எங்கேயும் தடங்கல் தெரியவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இது நொடிக்கு ரெண்டு மூணு தடவதான் பாக்கும் சார். நடுவுல நடக்கிறது அதுக்குத் தெரியாது" என்று அலமாரியிலிருந்து முள் மீட்டரை எடுத்தார். கண்ணாடியில் கீறல், கைப்பிடியில் இன்சுலேஷன் டேப். பையன் மறுபடி மிதித்தான். முள் வழுக்கிக்கொண்டு ஏறியது. ஒரு இடத்தில் சிலிர்த்தது. அவ்வளவுதான், எறும்பு கடித்த தோல் துடிப்பதுபோல ஒரு சிலிர்ப்பு. "திருப்பி." அதே இடத்தில் மறுபடி. "காலை அங்கயே வையிடா." ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் சென்சாரை லேசாகத் தட்டினார். தட்டும்போதெல்லாம் முள் துள்ளியது.

எனக்காகத்தான், வோல்ட்டைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப்பை எடுத்தார் என்று நினைக்கிறேன், அவருக்கு முள்ளே போதும். தீபாவளிச் சீட்டுப் பணத்தில் வாங்கியதாம், உள்ளங்கை அகலத் திரை. மிதிக்க மிதிக்கக் கோடு மலைச்சரிவுபோல ஏறியது. 1.1 வோல்ட்டுக்குப் பக்கத்தில் சரிவை யாரோ அரிவாளால் கொத்தியதுபோல மெல்லிய வெட்டு. நான் மாதக்கணக்கில் முதுகில் உணர்ந்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

ஒரு லாங் சைஸ் நோட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வண்டி. ஒயரின் நிறம் தமிழில்: 'பச்சைல வெள்ளைக் கோடு: சிக்னல்.' கீழே: 'மூடி இருந்தா 0.52, முழுசா 4.40.' டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் காயில் சுற்றுவதில் ஆரம்பித்த கை அது. இன்ஜெக்ஷன் வண்டிகள் தெருவுக்கு வந்த 2000 வாக்கில் ஆறு மாதம் வேலையே இல்லாமல் உட்கார்ந்திருந்தாராம். கம்பெனிப் புத்தகங்கள் இங்கிலீஷில் இருந்தன. அதனால் நல்ல வண்டி எது சர்வீஸுக்கு வந்தாலும் ஊசியைச் செருகி அளந்து எழுதிக்கொண்டார். கெட்டுப்போன வண்டியை அளந்து பிரயோஜனம் இல்லை, நல்லது எவ்வளவு காட்டும் என்று தெரிந்தால்தான் கெட்டது தெரியும் என்பது அவர் கட்சி. அந்த நோட்டு எந்த அச்சுப் புத்தகத்துக்கும் குறைந்ததல்ல என்று எனக்குப் பட்டது.

இதற்கிடையே ஒரு மஞ்சள் போர்டு வண்டி வந்து நின்றது. அதன் கதை நேர் எதிர். ஸ்கேனர் பி 0122 என்று தெளிவாகக் காட்டியது. த்ராட்டில் சென்சாரின் சிக்னல் அளவுக்குக் கீழே என்று பொருள். வேறெங்கோ சென்சாரை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். இரண்டு முறையும் நாலு நாள் ஓடிவிட்டு எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கிறது. டிரைவர் தம்பியின் முகத்தில் தவணைத் தேதி எழுதியிருந்தது.

"ஸ்கேனர் தெருப் பேரத்தான் சொல்லும். வீட்டு நம்பர் சொல்லாது" என்றார் அவர். சிக்னல் குறைகிறது என்றால் சென்சார் போயிருக்கலாம். 5 வோல்ட் வராமல் இருக்கலாம். நடுவில் ஒயர் அறுந்தோ எர்த்தில் உரசியோ இருக்கலாம். இன்ஜினை ஓடவிட்டு, ஸ்கேனரில் த்ராட்டில் எண்ணைத் திறந்து வைத்துவிட்டு, பையனிடம் "ஆட்டு" என்றார். பையன் ஒயரிங் கட்டைச் சென்சாரிலிருந்து ஜாண் ஜாணாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே போனான். பேட்டரித் தட்டுக்குப் பக்கத்தில், ஒயர் வளைகிற இடத்தில், எண் பொத்தென்று பூஜ்ஜியத்துக்கு விழுந்தது.

டேப்பைப் பிரித்தார். ஒயரின் தோலில் ஒரு கீறல்கூட இல்லை. நானாக இருந்தால் அதை நல்ல ஒயர் என்று விட்டிருப்பேன். அவர் இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து மெதுவாக இழுத்தார். அது ரப்பர்போல நீண்டது. உள்ளே செம்பு இருந்தால் நீளாது. அறுத்துக் காட்டினார்: பச்சைப் பொடி. பேட்டரி ஆசிட் ஆவி வருடக்கணக்கில் ஊறி, செம்பைத் தின்றிருந்தது. வெட்டி, புது ஒயர் வைத்துப் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் போட்டு லைட்டரில் காட்டிச் சுருக்கினார். ஐந்நூறு ரூபாய் கேட்டார்.

"ஒரு ஜாண் ஒயருக்கா அண்ணே?"

அவர் பதில் சொல்லவில்லை. தம்பி முந்நூறு கொடுத்தான், வாங்கிக்கொண்டார். போன இடத்தில் இரண்டு சென்சாருக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று நான் கேட்டேன். ஐயாயிரத்துக்கு மேல், பேரம் பேசவில்லை. அட்டைப் பெட்டியோடு சாமான் கையில் வந்ததே! சர்வீஸ் சென்டர்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று அதுவரை எனக்குள் ஒரு கோபம் இருந்தது. அன்று அது கொஞ்சம் தணிந்தது. கண்டுபிடிப்பதற்குக் காசு கொடுக்க நாம் தயாராக இல்லை. மாற்றினால்தான் கொடுப்போம். அவர்கள் மாற்றுகிறார்கள்.

என் வண்டிக்குக் கம்பெனிச் சென்சார் தனியாகக் கிடைக்காது, ஷோரூமில் த்ராட்டில் பாடியோடு சேர்த்துத்தான் தருவார்கள். ஜி.பி. ரோட்டில் கிடைக்கிற லோக்கல் சாமானில் அவருக்கு நம்பிக்கை இல்லை, புதுசிலேயே முள் ஆடுமாம். ஆகவே மறுநாள் பழைய சாமான் தேடிப் புதுப்பேட்டை. ஆதித்தனார் சாலையிலிருந்து சந்துக்குள் திரும்பினால் கால்வைக்கிற மண்ணே ஆயில் குடித்துக் கறுத்திருக்கிறது. ஒரு கடை முழுக்கக் கதவுகள், அடுத்ததில் ஹெட்லைட்டுகள் மட்டும், அதற்கடுத்து கியர்பாக்ஸ் குவியல். அவருக்குத் தெரிந்த கடையில் கோணிப்பையைக் கவிழ்த்தார்கள், என் மாடலின் த்ராட்டில் பாடிகள் ஐந்து உருண்டு விழுந்தன. முள் மீட்டரைக் கல்லாவின் மேலேயே வைத்தார். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அச்சைத் திருப்பி, முள்ளைப் பார்த்து, ஒவ்வொன்றாக ஒதுக்கினார். மூன்று போயின. எல்லாம் ஒரே இடத்தில்தான் சிலிர்த்தன, ஊரில் எல்லாருக்கும் ஒரே நெரிசல்தானே. நாலாவது கடைசிவரை வழுக்கிக்கொண்டு போனது. "இது ஹைவே வண்டி" என்றார். கடைக்காரர், "எங்கிட்ட பழைய சாமான் வாங்க மீட்டரோட வர்ற ஒரே ஆளு இவருதான்" என்று என்னிடம் குறைபட்டார். ஆயிரத்து இருநூறு.

மாட்டுவது பத்து நிமிஷ வேலை, இரண்டு ஸ்க்ரூ. ஓட்டைகள் சற்று நீள்வட்டமாக இருக்கும், சென்சாரை நூலிழை திருப்பி, நோட்டில் உள்ள 0.52 வருகிற இடத்தில் இறுக்கினார். பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பதினைந்து நிமிஷம் போட்டுவைத்தார், கம்ப்யூட்டர் பழசை மறக்கட்டும் என்று. அந்த இடைவெளியில் என் பழைய சென்சாரை பிளேடால் பிளந்தார். கறுப்புத் தடம், வளைந்த ஆணித்துண்டு அளவு. பெரும்பகுதி மங்கலாக மேட் கறுப்பு. ஆரம்பத்திலிருந்து கால்பங்குக்குள் ஓரிடம் மட்டும் கண்ணாடிபோல மின்னியது. அதன் நடுவே மயிரிழைப் பள்ளம். விரல் நகத்தால் தடவினால் தட்டியது. பள்ளத்தின் இரு கரையிலும் கரித்தூள். மை தொட்டதுபோல என் விரல் நுனி கறுத்தது.

மேம்பாலத்தில் நானே ஓட்டினேன். மூன்றாவது கியர், முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தைந்து. உடம்பு வெட்டுக்காகத் தானாக விறைத்துக்கொண்டது. வண்டி தன்பாட்டுக்குப் போனது.

பில் ஒரு துண்டுச் சீட்டு. சென்சார் பழையது 1,200. லேபர் 300. ஒன்றரை நாள் தேடினீர்களே, அது எங்கே என்றேன்.

"அத என்னன்னு பேரு போட்டு எழுதறது சார்?"

நான் இரண்டாயிரமாகக் கொடுத்தேன். மீதியை எண்ணி டேஷ்போர்டில் வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். பையன் பிளந்த சென்சாரை எடுத்துத் துடைத்து, பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்தான். உள்ளே அதேபோல நாற்பது ஐம்பது இருக்கும். ஒவ்வொன்றிலும் பெயிண்டால் ஒரு வண்டி நம்பர். என் நம்பரை என்னிடமே கேட்டு எழுதிக்கொண்டான்.