நிறுத்தத் தெரிந்த வண்டி

மோட்டார் வண்டி ஓட்டப் பழக வருகின்றவனிடம், “உனக்கு ஓட்டத் தெரியுமா?” என்று என் வாப்பா ஒருபோதும் கேட்டதில்லை. “நிறுத்தத் தெரியுமா?” என்றுதான் கேட்பார். ஓடுவது இயந்திரத்தின் வேலை, நிறுத்துவது மனிதனின் வேலை என்பது அவருடைய கட்சி. சிறுவனாக இருந்த எனக்கு அது வேடிக்கைப் பேச்சாகவே தோன்றிற்று. அதன் பொருள் விளங்க ஐம்பது ஆண்டுகள் சென்றன. விளங்கிய அந்த நாளை நினைத்தால் இன்றும் உள்ளங்கால் கூசுகின்றது.

எங்கள் வண்டி மொறிஸ் மைனர்; 1958-ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. அலெக் இஸிகோனிஸ் என்ற பொறியியலாளர் வடிவமைத்த இவ்வண்டி, 1948-இல் இலண்டன் கண்காட்சியில் முதன்முதலாக உலகத்துக்குக் காட்டப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று, கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக இருக்கின்ற எங்கள் கல்முனைக்கு வந்து, நெல் வியாபாரியான என் வாப்பாவின் வீட்டு முற்றத்தில் நின்றது.

பெயருக்குத்தான் அது எங்கள் வண்டி. நள்ளிரவில் யாருக்காவது பிரசவ வேதனை கண்டால் முதலில் தட்டப்படுவது எங்கள் வீட்டுக் கதவுதான். வாப்பா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வருவார். பிஸ்மி சொல்லி அமர்ந்து, வண்டியைக் கிளப்புமுன் பிரேக்கை மூன்று முறை மிதித்துப் பார்ப்பார். பின்னால் பெண்கள் பதறிக்கொண்டிருப்பார்கள். அவர் பதறமாட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. அதன் பிறகுதான் சாவி திரும்பும்.

1996-இல் வாப்பா காலமானார். வண்டி கொட்டிலுக்குள் சென்றது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கி எங்கள் கரையோரத்தைத் துடைத்தெடுத்தபோது, வயற்பக்கமாக இருந்த எங்கள் வீடு தப்பியது. கடற்கரையோரத்தில் இருந்த தங்கையின் வீடு தப்பவில்லை. அவளும் பிள்ளைகளும் உயிர் பிழைத்தார்கள். அவ்வீட்டில் இருந்த வாப்பாவின் தகரப்பெட்டி போயிற்று. அதனுள் வண்டியின் வழிகாட்டி நூலும், அவர் கைப்பட எழுதிய குறிப்புகளும் இருந்தன. எத்தனையோ குடும்பங்கள் பிள்ளைகளையே பறிகொடுத்த அந்நாளில், ஒரு நூலுக்காக வருந்த யாருக்கு மனம் வரும்? அந்த நூலின் அருமையை நான் அறிந்தது பின்னர்தான்.

2020 மார்ச்சில் வெளிநாட்டு வாகனங்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. அத்தடை நீங்காமலே மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2023-இல் என் மகன், “வாப்பா, புதிய கார் வாங்க வழியில்லை. அப்பாவின் காரை எழுப்பினால் என்ன?” என்றான். ஊரிலே பழைய வண்டிகளின் நாடி பார்க்கத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். என்னிலும் மூத்தவர், காக்கா என்றே அழைப்பேன். அவர் வந்தார். இருபது நாள் உழைப்பின் பின் இயந்திரம் இருமி, புகை கக்கி, ஓடத் தொடங்கிற்று. தெருப்பிள்ளைகள் கைதட்டினார்கள். உம்மா இருந்திருந்தால் அழுதிருப்பார்.

காக்கா மட்டும் சிரிக்கவில்லை. “சேர், இஞ்சின் எழும்பினது பெரிசில்ல. பிரேக் இறப்பர் எல்லாம் பழசு. புதுசு கிடைக்கிற வரைக்கும் றோட்டுக்குப் போகாதீங்க” என்று சொல்லிவிட்டுச் சென்றார்.

வாசகர்களுள் மாணவர் இருப்பார்கள். அவர்களுக்காக இந்தப் பிரேக் வேலை செய்யும் விதத்தைச் சற்றே சொல்கிறேன். அடைபட்ட திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அவ்வழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டார். அந்த விதியை வண்டியின் பிரேக்கில் பொருத்தி, 1917-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான மல்கம் லொக்ஹீட். எங்கள் வண்டியில் இருப்பதும் லொக்ஹீட் பிரேக்தான். பெடலை மிதித்தால், ஓட்டுநரின் காலடியில் தரைக்குக் கீழே இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் என்ற உருளையில் திரவம் நெருக்கப்படுகிறது. அது குழாய்கள் வழியே ஓடி, முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டும் பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒன்றுமாக உள்ள ஆறு சிறிய உருளைகளைத் தள்ளுகிறது. அவை பிரேக் சூக்களை விரித்து, சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகின்றன. வண்டி நிற்கிறது.

இத்தனைக்கும் உயிராக இருப்பது, உருளைக்குள் திரவம் கசியாமல் தடுக்கும் ஓர் இறப்பர்க் கிண்ணம். ஒரு நாணயத்தின் அகலந்தான் இருக்கும். 1876-இல் கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் இறப்பர் மரம் நடப்பட்டு, அதன் பின் மலையடிவாரமெங்கும் இறப்பர் வளர்த்த நாடு நம்முடையது. அந்த நாட்டில் ஒரு நாணயத்தளவு இறப்பருக்காக நான் அலைய வேண்டியதாயிற்று.

அலைந்தேனா? முதலில் அலையவில்லை. அதுதான் என் குற்றம். எங்கள் ஒழுங்கைக்குள்ளே மட்டும் ஓட்டுவோம் என்று தொடங்கி, மெல்ல மெல்லப் பெரிய தெரு வரை சென்றேன். ஒருநாள் பிரேக் திரவம் குறைந்திருந்தது. நம் ஊரில் அதற்குப் பெயர் ‘பிரேக் ஒயில்’. ஒயில் என்றால் எல்லாம் ஒயில்தானே என்று, கொட்டிலில் தகரத்தில் இருந்த இயந்திர எண்ணெயை ஊற்றி நிரப்பினேன். ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி என்பது நம் பழமொழி. பல காரியங்களுக்கு அது நல்ல மொழிதான்.

சில நாளில் சக்கரங்கள் இறுகின. காரணமின்றிச் சூடேறின. நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, பாடசாலை விடும் நேரம். வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் தெருவை நிறைத்துக்கொண்டு வந்தார்கள். வண்டியின் வேகம் அதிகமில்லை. பெடலை மிதித்தேன். அது எவ்விதத் தடையுமின்றித் தரைவரை சென்றது. மீண்டும் மிதித்தேன், வெறும் காற்றை மிதிப்பது போல் இருந்தது. கைப்பிரேக்கு, திரவத்தை நம்பாமல் கம்பியால் பின்சக்கரங்களை இழுப்பது. அதை என் பலமெல்லாம் கொண்டு இழுத்தேன். வண்டி முனகிக்கொண்டு நின்றது.

முன்னால் ஒரு முழத் தூரத்தில் ஒரு சிறுமி. ஒன்பது வயது இருக்கலாம். தான் கடந்து போவதற்காகவே நான் வண்டியை நிறுத்தினேன் என்று அவள் எண்ணிக்கொண்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தெருவைக் கடந்து போனாள்.

அந்தச் சிரிப்புக்கு நான் எவ்வகையிலும் உரியவனல்லன். கை நடுக்கம் தணிய வெகுநேரம் ஆயிற்று. வண்டியை வீட்டுக்கு இழுத்துத்தான் வந்தார்கள்.

காக்கா உருளையைத் திறந்தார். கிண்ணம் தண்ணீரில் ஊறிய கடலை போல் ஊதிப் பருத்து, விளிம்பு கிழிந்து கிடந்தது. “சேர், பேர்தான் பிரேக் ஒயில். இது ஒயில் இல்ல” என்றார். அக்காலத்துப் பிரேக் திரவத்தில் ஆமணக்கெண்ணெய் சேர்வதுண்டு. அந்தத் தாவர எண்ணெயோடு இறப்பர் ஒத்துப்போகும். இக்காலத்துத் திரவமோ வேறொரு இரசாயனப் பொருள். ஆனால் மண்ணிலிருந்து எடுக்கும் இயந்திர எண்ணெய் இந்த இறப்பருக்குப் பகை. பட்டால் ஊதி இளகிவிடும். ஊதிய கிண்ணம் திரவம் திரும்பி வரும் துளையை அடைத்ததாலேயே சக்கரங்கள் இறுகின. வண்டி பல நாள் முன்னமே என்னை எச்சரித்திருக்கிறது. கேட்கும் காது எனக்கு இருக்கவில்லை.

இனிக் குறுக்குவழி இல்லை என்று அன்றே முடிவு செய்தேன். இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் புறப்பட்டேன். பழைய வாகன உதிரிப்பாகங்களுக்குப் பஞ்சிகாவத்தையை விட்டால் வேறு இடமில்லை. ஒரு கடையில் மொறிஸ் மைனரின் பிரேக் சூ என்று கேட்டு வாங்கி, மகிழ்ச்சியோடு ஊருக்குக் கொண்டுவந்தேன். பொருத்தப்போனால் பொருந்தவில்லை. மீண்டும் கொழும்பு. இம்முறை கடைக்காரர், “மாஸ்டர், உங்கள் இஞ்சின் 948-ஆ, 1098-ஆ?” என்று கேட்டார். 1962-இல் இயந்திரத்தைப் பெரிதாக்கியபோது முன்சக்கர டிரம்மையும் எட்டு அங்குலமாக்கி விட்டார்களாம். எங்களுடையது ஏழு அங்குலம். பெயர் ஒன்றுதான்; அளவு வேறு. அந்தச் சிங்கள முதலாளி பழைய சூக்களை முகங்கோணாமல் திருப்பி எடுத்துக்கொண்டு சரியானதைத் தந்தார். இறப்பர்க் கிண்ணங்களும் அவரிடம் பெட்டி பிரிக்காமல் இருந்தன. விலையைக் கேட்டேன். அவர் கொடுக்கவில்லை. “பெட்டி புதிது, இறப்பர் கிழடு. இது அலுமாரியில் இருக்கலாம். வண்டியில் இருக்கக் கூடாது” என்றார். விற்பனையை மறுத்த அந்த வியாபாரியை நான் மறக்கமாட்டேன்.

இங்கிலாந்தில் இவ்வண்டியின் அபிமானிகளுக்காக இன்றும் பாகங்கள் செய்யப்படுகின்றன. 1990களில் பாத் நகரத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் வேர் என்பவர், இவ்வண்டிக்கான தகட்டுப் பாகங்களை நம் இலங்கையிலேயே செய்வித்து அங்கே கொண்டுசென்றதும் உண்டு. அப்படிப் புதிதாகச் செய்த கிண்ணங்களை, இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றுவதே ஒரு தவம். முன்சக்கரத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்பதால், அதை நகர்த்தாமல் ஆணி வெளிவராது. உருளையின் உட்சுவர் அம்மைத்தழும்பு போல் குழி விழுந்திருந்தது. பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் இரும்பைத் தின்னும். எவ்வளவு நல்ல கிண்ணத்தைப் போட்டாலும் குழிவழியே கசியும். பாண்டிருப்பில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் தமிழ் இளைஞர் ஒருவர் உட்சுவரைக் கடைந்து, துருப்பிடிக்காத உருக்கில் ஒரு குழலைச் செருகி, ஓர் அங்குலத்தின் எட்டில் ஏழு பங்கு என்ற பழைய அளவுக்கே கொண்டுவந்தார். மூன்று நாள் எடுத்தார். அவசரப்படுத்தியபோது, “சேர், இது கதவுப் பிணைச்சல் இல்லை” என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

உப்புக்காற்றில் அரித்த உருக்குக் குழாய்களை நீக்கிச் செம்பும் நிக்கலும் கலந்த குழாய்கள் போட்டோம். பழைய சூக்களின் லைனரில் கல்நார் இருக்கக்கூடும். அதன் தூசி நெஞ்சுக்குள் சென்றால் பல ஆண்டுகள் கழித்து நுரையீரலைக் கெடுக்கும். ஆகவே டிரம்மைக் காற்றடித்து ஊதக்கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பழைய வண்டி வைத்திருப்போர் இதை மறவாதிருக்க வேண்டுகிறேன்.

கடைசியில் குழாய்களிலிருந்து காற்றெடுக்கும் வேலை. திரவம் நெருங்காது, காற்று நெருங்கும். ஒரு குமிழி இருந்தாலும் பெடல் பஞ்சாகிவிடும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கினோம். என் மனைவி ஓட்டுநர் ஆசனத்தில் அமர்ந்து மிதிக்க, மகன் சக்கரத்தடியில் படுத்துத் திருகாணியைத் திறந்து மூட, கண்ணாடிப் போத்தலில் குமிழி வருவது நிற்கும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். “இன்னும் எத்தனை தரம் மிதிக்க?” என்று அவள் கேட்டாள். “நிற்கும்வரை” என்றேன். மக்ரிபு பாங்கு சொல்லும் நேரத்தில் பெடல் கல்லைப் போல் நின்றது.

இவ்வாறு நான்கு மாதங்கள் சென்றன. ஆளில்லாத வயற்பாதையில் கோடு கீறி, அந்தக் கோட்டிலே நிற்கிறதா என்று பலமுறை சோதித்த பிறகே வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்தேன்.

ஓடாத வண்டியால் அதன் சொந்தக்காரனுக்கு மட்டுமே நட்டம். நிற்காத வண்டியால் வரும் நட்டமோ, அந்த வண்டியை அறியாத ஒருவருடையது. அதனால்தான் ஓடுவதில் நாம் சமாளிக்கலாம், நிற்பதில் சமாளிக்கலாகாது. வாப்பா மூன்று முறை மிதித்தது தமக்காக அன்று, தெருவில் போகிறவர்களுக்காக. அவர்களுடைய உயிர் தம் காலடியில் அமானிதமாக இருக்கிறது என்று அவர் அறிந்திருந்தார். தகரப்பெட்டியோடு கடலில் போன குறிப்பு இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஊதிப் பருத்த அந்தக் கிண்ணத்தை நான் எறியவில்லை. கொட்டிலில் சாவி தொங்கும் ஆணியிலேயே அதையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். சாவியை எடுக்கும்போதெல்லாம் விரலில் படுகிறது. வண்டியில் அமர்ந்து பெடலை மிதிக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று. அதன் பிறகுதான் சாவி திரும்புகிறது.