சாக்பீஸ் கோடு

ஜூன் 4

நைனாவை இன்று ஜீப்பில் கோலார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஆறு வருஷமாக லைன் வீடுகளின் ஓரத்தில் தார்ப்பாய்க்குள் நின்ற வண்டி. வேறு வழியில்லை. ஆட்டோவில் குனிந்து ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு முட்டுகிறது. காரில் சீட் தாழ்வு. முழங்கால் மடங்கி நெஞ்சை அழுத்துகிறது. ஜீப்பின் முன்சீட்டில் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்காருகிறார்.

ஆனால் ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் கீழே ‘டக்’. கியர் மாற்றினால் ‘டக்’. ரிவர்ஸ் போட்டு முன்னே எடுத்தால் சம்மட்டி அடி. ஒவ்வொன்றுக்கும் அவர் உடம்பு தூக்கிப்போடுகிறது, உடனே இருமல். திரும்பும்போது எண்ண ஆரம்பித்தேன். பங்காரப்பேட்டை வருவதற்குள் நாற்பதைத் தாண்டியது. அப்புறம் எண்ணவில்லை.

ஜூன் 5

எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொன்னதை எழுத வேண்டும். நாளைக்கு.

ஜூன் 7

28.2.2001-ல் கோலார் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். சாம்பியன் ரீஃப்பில் 29 வருஷம் டிரில் பிடித்த நைனாவின் கை, கைக்கு வந்த பணத்தில் இந்த ஜீப்பை வாங்கியது. வில்லிஸ் சி.ஜே.3பி வகை, உயரமான என்ஜினுக்கு இடம் கொடுக்கவே பானெட்டை உயர்த்திக் கட்டினார்களாம், அதனால்தான் முகம் அப்படி மேடாக இருக்கிறது. பேத்தமங்கலம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கோலார் மண்டிக்குத் தக்காளி ஏற்றினார். என் பி.எட். படிப்பு அந்தத் தக்காளியில்தான் நடந்தது.

இன்று கோணிப்பையை விரித்து வண்டிக்கடியில் படுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா, “இன்னாம்மா டீச்சரு, உனக்கு இது தேவையா?” என்று கேட்டுவிட்டுப் போனார். தேவைதான்.

நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்தேன். இந்த வண்டியில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் கிடையாது. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு டிரம்மைப் பிடிக்கிறது. அதை இழுத்தால் ஷாஃப்டின் முன்தலை அசையாது. பிறகு ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினேன். முன்தலை நிற்கிறது, ஷாஃப்ட் அசைகிறது. இரண்டையும் இணைக்கும் கிராஸ் போயிருக்கிறது. கப் ஓரத்தில் செந்தூள். மிளகாய்ப் பொடி மாதிரி விரலில் ஒட்டியது. கிரீஸ் வற்றி இரும்பு இரும்பைத் தின்ற தூள். ஆறு வருஷம் ஒருவரும் கிரீஸ் அடிக்கவில்லை. அந்த ஒருவர் நான்.

ஜூன் 8

ஆண்டர்சன்பேட்டை மெக்கானிக் பாய் வந்து இரண்டு கிராஸையும் பார்த்தார். கப்பைக் கழற்றியதும் ஊசி பேரிங்குகள் உதிர்ந்தன, பாதி இல்லை. கிராஸின் கால்களில் ஊசி ஊசியாகப் பள்ளம். “இது உருள்றதுக்குப் பொறந்தது, அடிவாங்கறதுக்கு இல்லம்மா” என்றார். புதுசு போட்டார். ஷாஃப்டை நானே மாட்டுகிறேன் என்றேன், விட்டுக்கொடுத்தார்.

ஜூன் 10

வேகம் கூடினால் வண்டி முழுக்க நடுக்கம். முன்பு ‘டக்’ மட்டும்தான் இருந்தது. நைனாவை ஏற்றவில்லை, நல்லதாயிற்று.

தப்பு என்னுடையது. ஷாஃப்ட் இரண்டு துண்டு. ஒன்று மற்றொன்றுக்குள் பல்வரிசையில் வழுக்கி நீளும். மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டேன். இரண்டு துண்டிலும் அம்புக்குறி இருக்கிறது. அழுக்குக்கடியில் இருந்தது, நான் துடைத்துப் பார்க்கவில்லை.

பத்தாம் வகுப்புக்கு நான் பாடமே எடுக்கலாம். இந்தக் கிராஸ் இணைப்பு 17-ம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்தது. சாய்வாகச் சுற்றும்போது ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒரே சுற்றில் இரண்டு முறை விரைந்து இரண்டு முறை தயங்கும். அதனால்தான் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் கிராஸ். முதலாவது செய்த கோணலை இரண்டாவது சரிசெய்ய வேண்டும். அதற்கு ஷாஃப்டின் இரு முனைக் காதுகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளினால் ஒன்றின் கோணலை மற்றது முழுசாகத் தீர்க்காது.

மூன்று தடவை கழற்றி, நாலாவது தடவை அம்புக்கு நேர் அம்பு.

ஜூன் 11

நடுக்கம் போய்விட்டது. ‘டக்’ போகவில்லை.

ஜூன் 15

ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தார். ஆக்ஸிஜன் சிலிண்டர் விடியலில் தீர்ந்தது.

ஜூன் 19

லீவு முடிந்துவிட்டது. சம்பளமில்லா லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தெருவில் ஆளுக்கொரு வைத்தியம். என்ஜின் மவுண்டிங் என்கிறார் ஒருவர். பட்டைக்கு சென்ட்டர் போல்ட் உடைந்திருக்கும், பட்டை நகர்ந்து ஹவுசிங் ஆடும் என்கிறார் இன்னொருவர். கிரவுன் பினியனை மாற்றியே ஆக வேண்டும் என்று ஒருவர் தொகையும் சொன்னார். எல்லாமே உண்மையாக இருக்கலாம், அதுதான் கோபம். என்ஜினிலிருந்து சக்கரம் வரை எத்தனை இணைப்போ அத்தனை இடத்திலும் துளித்துளி இடைவெளி உண்டு. மிதிக்கும்போது அத்தனையும் ஒரே திசையில் இறுகுகின்றன. காதில் விழுவது ஒரே ஒரு ‘டக்’.

1965-ல் இதே சாம்பியன் ரீஃப்பில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, நியூட்ரினோவைத் தேடிப் பிடித்தார்கள். மாணவர்களுக்கு வருஷா வருஷம் சொல்கிறேன்: பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, மற்ற சத்தங்களை நிறுத்த அவ்வளவு பாறையைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டார்கள், மிச்சமிருந்ததைக் கேட்டார்கள். அதைத்தான் செய்தேன். மவுண்டிங்கைப் பார்த்தேன், சரி. சென்ட்டர் போல்ட், யு போல்ட், சரி. முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டு ஓட்டினேன். ‘டக்’ அப்படியே. அப்படியானால் முன்பக்கம் இல்லை.

ஜூன் 21

சாயங்காலம் கொஞ்சம் தெம்பாக இருந்தார். “வண்டியில குந்தறேன்” என்றார்.

குந்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதத்தையும் தகட்டில் பதித்தார். அவருக்கு டிரில் சத்தத்தில் என்றைக்கோ காது போய்விட்டது. நான் கத்தித்தான் பேச வேண்டும். என்ன கேட்கப் போகிறார் என்று நினைத்தபடி வண்டியைத் தெருவுக்குள்ளேயே முன்னும் பின்னும் எடுத்தேன். ‘டக்’. ‘டக்’. கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பின்பெட்டியில் ஏற்றச் சொன்னார். ஏற்றி, முதுகுக்குத் தலையணை வைத்தேன். இரண்டு பக்க வீல் மேட்டிலும் ஒவ்வொரு உள்ளங்கை. இன்னும் மூன்று தடவை.

“எடது பக்கம். சக்கரத்துல.”

எப்படித் தெரியும் என்று கத்தினேன்.

நின்று நின்று சொன்னார். ஷிஃப்டுக்கு இறங்கினதும் முதல் வேலை, கூரைப் பாறையைக் கடப்பாரையால் தட்டுவது. கெட்டிப் பாறை மணி மாதிரி சொல்லும். பிளந்திருந்தால் பானை மாதிரி பொத்தென்று சொல்லும். காது போனவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு கையால் தட்டி, மறு கையைப் பாறைமேல் வைப்பார்கள். விட்டுப்போன துண்டு உள்ளங்கைக்குள் உதறும். “காது பொய் சொல்லும்மா. எதிரொலி எங்கெங்கியோ போய்ட்டு வரும். கை பொய் சொல்லாது.”

நாற்பத்திமூன்று வயதில் முதல் தடவையாக இதைக் கேட்கிறேன். நான் எப்போதாவது கேட்டேனா என்றும் யோசித்தேன்.

இறக்கும்போது என் தோளில் கை வைத்திருந்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

ஜூன் 22

டிஃபரென்ஷியலிலிருந்து வரும் ஷாஃப்டின் முனை கூம்பு. அதன்மேல் ஹப்பை ஏற்றி, பெரிய நட்டால் இறுக்கி, சுற்றிப்போகாமல் காடிக்குள் ஒரு கீ. பானா நுழையும் அளவுக்குத்தான் இடம். பள்ளிக்கூட சாக்பீஸால் ஷாஃப்ட் முனையிலிருந்து ஹப் வரைக்கும் ஒரே நேர்க்கோடு இழுத்தேன், இரண்டு பக்கமும். தெருக்கோடி வரை போய் ரிவர்ஸில் வந்து இறங்கிப் பார்த்தேன்.

வலது கோடு நேர். இடது கோடு உடைந்திருந்தது. அரை நூல் தள்ளி.

ஜூன் 23

பாய் புல்லர் கொண்டுவந்தார். ஹப் சத்தம் போட்டுக் கழன்றது. உள்ளே கீயின் ஒரு பக்கம் தேய்ந்து படி விழுந்திருக்கிறது. ஹப்பின் காடியும் அகன்றுவிட்டது. பாரத்தைத் தாங்க வேண்டியது கூம்பின் பிடிப்பு, கீ துணைக்குத்தான். நட்டு தளர்ந்ததும் எல்லாப் பாரமும் அந்தச் சின்னத் துண்டின்மேல். பாய் தயங்கிவிட்டுச் சொன்னார்: இந்த வகையில் ஷாஃப்ட் காடியில் உடைந்தால் சக்கரம் தனியாகப் போய்விடும். அந்தச் சக்கரத்தில்தான் நைனாவைக் கோலார் வரை கொண்டுபோய் வந்தேன்.

பழைய இரும்புக் கடையில் தேய்மானமில்லாத ஹப் கிடைத்தது. புதுக் கீ. நட்டைப் பாயும் நானும் குழாய் மாட்டிச் சேர்ந்து முறுக்கினோம், பிறகு காட்டர் பின். மறுபடி சாக்பீஸ் கோடு.

ஜூன் 26

ஓட்டினேன். பெரிய ‘டக்’ இல்லை. காது கொடுத்தால் மட்டும் சின்னதாக ஒரு ‘டிக்’. கிரவுன் பினியன் பல்லிடை. அதையும் எடுத்துவிடலாமா என்றேன். கூடாது என்றார் பாய். பல்லுக்கும் பல்லுக்கும் எண்ணெய் நிற்க இடம் வேண்டும், இல்லாவிட்டால் சூடேறித் தின்றுவிடும். இவ்வளவு வயசு வண்டிக்கு இந்தச் சத்தம் இருக்கட்டும், ஓடுகிறவரை ஓடட்டும் என்றார்.

ஜூன் 27

எழுதிவிடுகிறேன். சிலிக்கோசிஸ். கல்தூள் நுரையீரலில் தழும்பாகிவிட்டது. வேலையை விட்டு இத்தனை வருஷமானாலும் தழும்பு பரவிக்கொண்டுதான் இருக்கும். வெளியே எடுக்க வழி கிடையாது. மூச்சுக்கு உதவலாம். டாக்டர் இதைச் சொன்னது ஜூன் 4.

ஜூலை 2

பேத்தமங்கலம் போகலாம் என்று அவரே கேட்டார். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். ஒரு காலத்தில் எங்கள் குழாய்க்கெல்லாம் தண்ணீர் இங்கிருந்துதான் வந்தது. இறங்கவில்லை, சீட்டிலிருந்தே பாலாற்றுத் தண்ணீரைப் பார்த்தார். வழியில் இரண்டு தடவைதான் இருமல். திரும்பும்போது சுரங்கத்தின் சயனைடு மேட்டுத் தூள் காற்றில் ஏறிக்கொண்டிருந்தது. படுதாவை இறக்கிக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்து சிலிண்டரை மாட்டியதும், “கோடு பாத்தியா?” என்றார்.

போய்ப் பார்த்தேன். நேராக இருக்கிறது என்று காதருகே சொன்னேன்.

“காட்டர் பின்னு?”

அதைப் பார்க்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு போகிறேன்.