மூச்சா, முப்பது செகண்டா?

போன பொங்கலுக்கு எங்க ஊர்ல சடுகுடு ஆட்டம் பாதியில் நின்றுபோனது. நிறுத்தியது மழையுமில்லை, பனியுமில்லை. சட்டம்தான். விசில் என் கையில் இருந்ததால், அந்தப் பஞ்சாயத்தின் நடுவில் நானும் மாட்டிக்கொண்டேன்.

பைக்காராவுக்கு வருகிறவர்கள் அருவியைப் பார்ப்பார்கள், படகு ஏறுவார்கள், சூடா ஒரு டீ குடித்துவிட்டுக் கூடலூர்ப் பக்கம் போய்விடுவார்கள். ரோட்டுக்கு மேலே கேரட் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மைதானம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. மைதானம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டிச் சமன் செய்த இடம், அவ்வளவுதான். ஜனவரியில் காலை ஒன்பது மணி வரைக்கும் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அதனால் ஆட்டம் எப்பவும் மத்தியானம்தான்.

எங்க தாத்தா கோபி பக்கத்திலிருந்து பைக்காரா மின்திட்ட வேலைக்கு மலை ஏறி வந்தவர். 1932ல் இங்கே மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். வேலை முடிந்தும் அவர் இறங்கிப் போகவில்லை. கூடவே கொண்டுவந்தது இரண்டு வேட்டியும் சடுகுடுவும்தான் என்று அப்பா சொல்வார். ஏறக்குறைய 2000 மீட்டர் உயரம். கீழ்நாட்டு ஆள் நாலு எட்டு வேகமாக வைத்தாலே நெஞ்சு அடைக்கும். அந்தக் காற்றில் ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிர்க்கோட்டைக்குள் போய் வருவது லேசுப்பட்ட காரியமில்லை. அப்பா அதில் பேர் வாங்கியவர். இப்போது எண்பத்திரண்டு வயது.

அப்பாவின் ஆட்டமே தனி ரகம். பாடிக்கொண்டு போவார், யாரையும் தொடமாட்டார். கோட்டுக்குப் பக்கத்திலேயே இப்படியும் அப்படியும் நகர்ந்துகொண்டிருப்பார். பிடிக்க நிற்கிற ஏழு பேரும் குனிந்து குனிந்து களைத்துப்போவார்கள். மூச்சு தீர்வதற்குள் சிரித்துக்கொண்டே திரும்பிவிடுவார். இப்படி நாலு தடவை சும்மா போய்விட்டு வந்து, ஐந்தாவது தடவை இரண்டு பேரைத் தட்டிவிட்டு வருவார். சும்மா போய்விட்டு வருவதும் ஆட்டம்தான் என்பது அவர் கணக்கு.

என் பெரியவனுக்குப் பத்தொன்பது வயது. அவன் சடுகுடு என்று சொல்லமாட்டான், கபடி என்பான். கற்றுக்கொண்டது டிவியில் ப்ரோ கபடி பார்த்து. போன பொங்கலுக்கு அவனும் கூட்டாளிகளும் என்னிடம் வந்து, "அண்ணா, இந்தத் தடவை ப்ரோ ரூல்தான். முப்பது செகண்டுக்கு மேல ரெய்டு கிடையாது. ரெண்டு தடவை சும்மா வந்தா மூணாவது டூ ஆர் டை. நீங்க போன்ல டைம் பாருங்க" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டேன்.

பெரியவர்கள் அணியில் ஒருத்தர் மூன்றாவது தடவையும் சும்மா திரும்பி வந்தார். நான் விசில் அடித்து அவுட் கொடுத்தேன். "எதுக்குடா அவுட்டு? யாராச்சும் புடிச்சாங்களா? பாட்டு விட்டனா?" என்று அவர் கேட்க, பையன்கள் பதில் சொல்ல, ஆட்டம் நின்றது. திண்டில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்து என்னைப் பார்த்து, "ஏப்பா, இந்தச் சட்டத்தை யாரு போட்டது?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டார்.

யார் போட்டது? ராத்திரி முழுக்க அது மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

ப்ரோ கபடி 2014ல் ஆரம்பித்தது. ஆனந்த் மகிந்திராவும் வர்ணனையாளர் சாரு சர்மாவும் சேர்ந்து ஏற்படுத்திய மஷால் ஸ்போர்ட்ஸ் என்ற நிறுவனம் நடத்தியது, ஸ்டார் சேனல் ஒளிபரப்பியது. அடுத்த வருஷமே அந்த நிறுவனத்தின் 74 சதவீதப் பங்கை ஸ்டார் வாங்கிவிட்டது. ஆட்டத்தை நடத்துகிறவரும் காட்டுகிறவரும் ஒரே ஆள் என்றாகிவிட்டது. கிரிக்கெட்டில்கூட வாரியம் ஒரு பக்கம், சேனல் ஒரு பக்கம் உட்கார்ந்து பேரம் பேசும். இங்கே எதிரே உட்கார ஆளில்லை.

அவர்கள் இடத்தில் இருந்து யோசித்தால் ஒவ்வொரு சட்டமும் புரிகிறது. மண் போய் மேட் வந்தது. கலர் பளிச்சென்று தெரியும். ரெய்டுக்கு முப்பது செகண்ட். இருபது இருபது நிமிஷமாக இரண்டு பாதி, ஒரு மணி நேரத்துக்குள் மேட்ச் அடங்கும், அடுத்த நிகழ்ச்சி தள்ளிப்போகாது. மூன்றாவது ரெய்டில் பாயிண்ட் எடு, இல்லாவிட்டால் வெளியே போ. அப்பா மாதிரி ஆட்கள் சும்மா போய்வருவதைப் பார்த்து யாரும் சேனலை மாற்றமாட்டார்கள். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று ஒருத்தனைப் பிடித்தால் சூப்பர் டேக்கிள், கூட ஒரு பாயிண்ட். தோற்கிற அணியும் கடைசி வரை துரத்தும், பார்க்கிறவன் எழுந்து போகமாட்டான்.

'கபடி கபடி' என்று பாட வேண்டும் என்பது இன்னும் சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மூச்சு டிவியில் தெரியாது. திரை ஓரத்தில் முப்பதிலிருந்து இறங்கி வருகிற எண்தான் தெரியும்.

கபடிக்கு மட்டும் நடந்ததில்லை இது. 1977ல் ஆஸ்திரேலியாவில் சேனல் நைன் முதலாளி கெர்ரி பேக்கர், ஒளிபரப்பு உரிமை கிடைக்காத கோபத்தில் தனியாகவே கிரிக்கெட் நடத்தினார். ராத்திரி ஆட்டமும் வெள்ளைப் பந்தும் கலர் சட்டையும் அங்கேதான் வேர் பிடித்தன. வாலிபாலில் முன்பெல்லாம் சர்வீஸ் போட்ட அணிக்குத்தான் பாயிண்ட். ஆட்டம் எப்போது முடியும் என்று கடவுளுக்கே தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில் எல்லாப் பந்துக்கும் பாயிண்ட், 25 எடுத்தால் செட் என்று மாற்றினார்கள். ஐபிஎல்லில் 2009ல் இன்னிங்ஸ் நடுவே ஓர் இடைவேளை வந்தது. இப்போது இரண்டரை நிமிஷ டைம் அவுட்டாக நிற்கிறது. வியூகம் வகுக்க என்று பேர். அந்த நேரத்தில் நம் வீட்டுக்குள் வருவது விளம்பரம். 2023 முதல் 2027 வரை ஒளிபரப்பு உரிமைக்கு 48,390 கோடி ரூபாய் கொடுத்தவர்கள் அதை எங்கிருந்தாவது எடுக்க வேண்டுமே.

இதெல்லாம் யோசித்தபோது எனக்குக் கேரட்தான் ஞாபகம் வந்தது. மண்ணோடு இருக்கிற கேரட் நாள் கூடத் தாங்கும். ஆனால் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற கேரட்டை மெஷினில் போட்டுக் கழுவி, பளபளவென்று அனுப்புகிறோம். வளைந்தது, பிளந்தது எல்லாம் கழிவு. ருசியில் ஒரு குறையும் கிடையாது. கழுவிக் கொடு என்று முதலில் கேட்டது தின்கிறவரா, விற்கிறவரா? இன்றைக்கு நீங்களே கழுவாத கேரட்டைக் கடையில் தொடமாட்டீர்கள். பழக்கிவிட்டார்கள். நானும் கழுவித்தான் அனுப்புகிறேன். கழுவினால்தான் விலை.

அதனால் அப்பா பக்கம் மட்டும் நின்று பேச எனக்கு வாய் வரவில்லை. கபடிக்காரனுக்கு அந்த டிவிதான் சோறு போட்டது. 2022 ஏலத்தில் பவன் செராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தார்கள். முதல் மேட்ச்சிலேயே காயம்பட்டு அவர் வெளியே போனதும், அவர் இல்லாமலே அணி அரையிறுதி வரை போனதும் வேறு கதை. மண்ணில் புரண்ட எங்க அப்பாவுக்குக் கிடைத்தது ஒரு எவர்சில்வர் குடம். முப்பது செகண்ட் வந்ததில் இன்னொரு நல்லதும் உண்டு. "மூச்சு விட்டான்", "விடல" என்று நாங்கள் போட்ட சண்டைகளில் எத்தனை சட்டை கிழிந்திருக்கிறது!

ஆனால் ஒரே ஆட்டத்துக்கு இரண்டு சட்டப் புத்தகம் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2023 அக்டோபர் 7ஆம் தேதி உலகமே பார்த்தது. ஹாங்சோ ஆசிய விளையாட்டு, ஆண்கள் இறுதி ஆட்டம், இந்தியாவும் ஈரானும் 28-28. ஒரு நிமிஷம் சொச்சம்தான் பாக்கி. அதே பவன், டூ ஆர் டை ரெய்டு. யாரையும் தொடாமலே ஓரத்து லாபிக்குள் கால் வைத்துவிட்டார். அவரைப் பிடிக்க ஈரான் ஆட்களும் உள்ளே பாய்ந்தார்கள். பழைய சட்டப்படி அவர்களும் அவுட். ப்ரோ கபடியில் பழகிய புதுச் சட்டப்படி பவன் மட்டும் அவுட். நடுவர்கள் தீர்ப்பை மாற்றி மாற்றிச் சொல்ல, இரண்டு அணியும் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. ஒரு மணி நேரம் போல ஆட்டம் நின்றது. கடைசியில் பழைய சட்டமே ஜெயித்து, இந்தியா 33-29 என்று தங்கம் வாங்கியது.

ஹாங்சோவில் நடந்ததுதான் எங்க கேரட் தோட்டத்து நடுவிலும் நடந்தது. என்ன, எங்களுக்குத் தங்கம் கிடையாது.

மறுநாள் பெரியவன் என்னிடம் தனியாகச் சொன்னான்: "அப்பா, ஊட்டியில செலக்‌ஷன் இருக்கு. அங்க போய்த் தாத்தா ஆட்டம் ஆடினா ரெண்டு நிமிஷத்துல வெளிய அனுப்பிருவாங்க." அவன் சொல்வதில் பொய்யில்லை. அவன் போக வேண்டிய சந்தையில் எடை போடுகிற தராசு அது.

அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேரனைக் கூப்பிட்டு, "பாடு, பாக்கலாம்" என்றார். வாசலில் நின்று பாடினான். பதினேழு செகண்டில் இழுத்து மூச்சு வாங்கினான். அப்பா சிரிக்கவில்லை. "முப்பதுன்னு அவன் குடுத்துருக்கான். நீ பாதிதான் எடுத்துக்கற" என்றார்.

இப்போது தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் மைதானத்துக்குப் போகிறார்கள். போன் அப்பா கையில். நேற்று இருபத்தாறு வந்தது.

வருகிற பொங்கலுக்கு என்ன சட்டம் என்று இன்னும் முடிவாகவில்லை. இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். முப்பது செகண்ட் இருக்கட்டும், சண்டை குறையும். மூன்றாவது ரெய்டு சட்டம் மட்டும் வேண்டாம் என்று நான் சொல்வதாக இருக்கிறேன். எங்க ஆட்டத்துக்கு நடுவே விளம்பரம் போட யாரும் காத்திருக்கவில்லை. சும்மா போய்விட்டு வருகிறவனைப் பார்க்க எங்களுக்கு நேரம் இருக்கிறது.