கை எட்டாத மாதங்கள்

மார்ச் 9

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முறிந்த மணிக்கட்டு எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாம். எக்ஸ்ரே அப்படித்தான் காட்டுகிறது. இப்போது வம்பு செய்வது தோள். கரும்பலகையின் மேல் ஓரத்தில் தேதி எழுதக் கை எழும்பவில்லை. பேருந்தில் மேல் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. ரவிக்கைக்குள் கையை நுழைப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. மகள்தான் சடை பின்னிவிடுகிறாள்.

“வாயு பிடிச்சிருக்கும்மா. விழுந்த கையில்ல? சுக்கு அரைச்சுப் பத்துப் போட்டா விட்டுடும்” என்கிறார் அத்தை. போட்டுக்கொண்டேன். சூடு இதமாக இருந்தது. கை அங்கேயே நின்றது.

மார்ச் 14

இன்று வேறொரு எலும்பு மருத்துவரைப் பார்த்தேன். முதலில் என்னைக் கையைத் தூக்கச் சொன்னார். பிறகு என்னைத் தளர்வாக இருக்கச் சொல்லி அவரே தூக்கினார். இரண்டு முறையும் கை ஒரே உயரத்தில் முட்டிக்கொண்டது. தசைநார் கிழிந்திருந்தால் அவர் தூக்கும்போது மேலே போயிருக்குமாம். இது ஃப்ரோஸன் ஷோல்டர். சீட்டில் ‘பி.ஏ. ஷோல்டர்’ என்று எழுதினார். நம் ஊர் மருத்துவர்கள் இன்னும் அந்தப் பழைய பெயரைத்தான் எழுதுகிறார்கள். தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையில் அழற்சி வந்து, அது தடித்துச் சுருங்கிவிடுகிறது. உள்ளே எலும்பு உருள இடமில்லாமல் போகிறது.

நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், அதுவும் பெண்களுக்கு, அதிகம் வருகிறது. பொதுவாக நூறு பேரில் 2 முதல் 5 பேருக்கு வரும் என்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்களிடம் இது பல மடங்கு. ரத்தத்தில் ஓயாமல் மிதக்கும் சர்க்கரை, உறையில் உள்ள கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து விறைக்கவைக்கிறது. எனக்குச் சர்க்கரை, கட்டுப் போட்ட கை, கைத்தொட்டிலில் அசையாமல் கிடந்த தோள் எல்லாம் சேர்ந்துகொண்டன. கட்டுப் போட்ட மருத்துவமனையில் விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார்கள். தோளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“மூணு மாத சர்க்கரை எவ்வளவு?” என்று கேட்டார். 9.1. அதன்பின் தோளைப் பற்றிப் பேசியதைவிடச் சர்க்கரையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

மார்ச் 15

வலி மாத்திரையை ஐந்து நாளுக்கு மட்டும் எழுதிக் கொடுத்து, தானாகத் தொடரக் கூடாது என்று அடிக்கோடும் போட்டிருந்தார். மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்றவர் சீட்டே இல்லாமல் ஒரு அட்டை டைக்ளோஃபினாக் வாங்கிக்கொண்டு போனார்.

எனக்கு நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கின் பாறுக் கழுகுகள் நினைவுக்கு வந்தன. மாட்டுக்கு வலி போக்கப் போட்ட இதே டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தை முடக்கிக் கொன்றது. இந்தியா முழுக்கக் கழுகினம் அழியும் நிலைக்கு வந்த பிறகு, 2006ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதச் சிறுநீரகம் அவ்வளவு பலவீனமானதில்லை. ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏற்கெனவே அரித்துவைத்திருக்கும் சிறுநீரகத்துக்கு மாதக்கணக்கில் இந்த மாத்திரையைக் கொடுப்பது பெரிய துணிச்சல்.

மார்ச் 22

பிசியோதெரபி. செய்துவிடும் தம்பிக்கு என் மாணவர்கள் வயதுதான் இருக்கும். கையைத் தொடுவதற்கு முன் கேள்வி மேல் கேள்வி. எந்தப் பக்கம் படுப்பீங்க, ராத்திரி எத்தனை தடவை முழிப்பு வருது, வீட்டில் தண்ணிக் குடம் தூக்குவது யார், மறுபடி விழுந்துடுவோம்னு பயமா இருக்கா? கடைசிக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. ஸ்கூட்டரைத் தொட்டே நாளாகிறது.

நோயாளியின் உடலோடு அவர் மனம், வீடு, வேலை எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று ஜார்ஜ் எங்கல் என்ற அமெரிக்க மருத்துவர் 1977ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். நாள்பட்ட வலிக்கான மருத்துவம் இன்று அந்த வழியில்தான் போகிறது. நம் ஊரில் புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் இதையெல்லாம் எங்கே கேட்பது?

பயிற்சிகள் எளியவைதான். நல்ல கையை மேசையில் ஊன்றி, குனிந்து, கெட்ட கையைத் தொங்கவிட்டுச் சின்னச் சின்ன வட்டமாக ஆட்ட வேண்டும். சுவரில் விரல்களைப் பூச்சி ஏறுவதுபோல் ஏற்றி, எட்டின இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். கதவு மேல் ஒரு கப்பி, அதில் ஒரு கயிறு. நல்ல கை கீழே இழுக்க, கெட்ட கை மேலே போகும். முன்னதாக வெந்நீர் ஒத்தடம்.

“வலிச்சா நிறுத்திடணுமா தம்பி?”

“கொஞ்சம் வலிக்கும்மா. செஞ்சு முடிச்சு அரை மணியில அடங்கிட்டா சரி. ராத்திரி வரைக்கும் இழுத்தா, நாளைக்குக் குறைச்சுக்குங்க.”

வலிக்கு யாரும் இவ்வளவு தெளிவாக அளவு சொல்லி நான் கேட்டதில்லை.

ஏப்ரல் 2

இரவுதான் கொடுமை. வலப்பக்கம் புரண்டால் கத்தி வைத்ததுபோல் விழிப்பு வருகிறது. தூங்காத இரவுக்கு மறுநாள் அதே வலி கூடுதலாகத் தெரிகிறது. காலைச் சர்க்கரையும் ஏறி நிற்கிறது. தூக்கம் கெட்டால் உடம்பு வலியைத் தாங்கும் அளவு குறையும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது. இரண்டுமே ஆய்வுகளில் பலமுறை கண்டவை. தம்பி சொன்னபடி கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு தலையணை வைத்துக்கொள்கிறேன். மாலை ஆறுக்கு மேல் காபி இல்லை. இரவுச் சாப்பாட்டை எட்டுக்குள் முடித்து, தெருவில் ஒரு நடை. என் கணவரும் கூட வருகிறார்.

ஏப்ரல் 13

ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு வைத்தியம். முடக்கத்தான் தோசை, புத்தூர்க் கட்டு, காந்தப் படுக்கை, மஞ்சள் பால்.

மஞ்சளைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதில் உள்ள குர்குமின் அழற்சியைத் தணிக்கும் என்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்த விஷயம்தான். ஆனால் குடலில் ஏறாது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998ல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் அநேகமாக ஒன்றுமே தெரியவில்லை. மிளகில் உள்ள பைப்பரினைச் சேர்த்தபோதுதான் கூடியது. மஞ்சள் தூளில் நூற்றுக்கு மூன்று பங்கு போலத்தான் குர்குமின். பாலில் போடும் ஒரு சிட்டிகையில், அந்த 2 கிராமில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. சுவைக்குக் குடிக்கலாம், சர்க்கரை போடாமல்.

அத்தை தேய்த்துவிடும் தைலத்தை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். தொடுகையும் தேய்ப்பும் தரும் உணர்வு, முதுகுத்தண்டில் வலிச் செய்தியை ஓரளவு மறிக்கும் என்று மெல்சாக், வால் இருவரும் 1965ல் விளக்கினார்கள். அதோடு பத்து நிமிடம் ஒருவர் நம்மோடு உட்கார்ந்து பேசுகிறார். அதற்கும் மதிப்பு உண்டு.

ஆளை முழுதாகப் பார்க்கும் வைத்தியம் என்ற பெயரில் எண்ணெய்க் குளியல், ஊசி, மூலிகைப் பொடி, தியான வகுப்பு எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள். பத்துப் பேர் என் தோளைப் பத்து விதமாகப் பிடித்துவிடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. தூக்கம், வீட்டு வேலை, பயம் மூன்றையும் ஒரே ஆள் விசாரித்தது போதும்.

மே 20

வலி தாங்காமல் மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டேன். சில நாள் சர்க்கரை எகிறும் என்று முன்பே எச்சரித்தார்கள், எகிறியது, இறங்கியது. இரவு வலி பாதியாகிவிட்டது. அறுவை சிகிச்சை பற்றியும் கேட்டேன். பிரிட்டனில் 503 பேரை வைத்து நடத்தி, 2020ல் ‘லான்செட்’டில் வந்த ஆய்வில், மயக்கம் கொடுத்து மூட்டை அசைத்துவிடுவது, துளையிட்டு உறையை வெட்டிவிடுவது, ஊசியோடு பிசியோதெரபி என்ற மூன்றில் எதுவும் மற்றதைவிடப் பெரிதாக முந்தவில்லையாம். எனக்கு மூன்றாவது போதும்.

ஆகஸ்ட் 30

மூன்று மாத சர்க்கரை 7.3. சுவரில் பென்சில் கோடு கதவு நிலையின் உயரத்துக்கு ஏறியிருக்கிறது. தேதி எழுதுகிறேன். முதுகுக்குப் பின்னால் கை இன்னும் இடுப்போடு நிற்கிறது. முழுதாக விட இன்னும் ஓராண்டு ஆகலாம் என்கிறார் தம்பி. ஸ்கூட்டரைத் தெருமுனை வரை ஓட்டினேன்.

சர்க்கரை உள்ளவர்கள் யாராவது கையில் கட்டுப் போட்டுக்கொண்டால், மருத்துவமனையை விட்டு வெளியே வருவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: தோளை எந்த நாளிலிருந்து, எப்படி அசைக்கலாம்?